ஹேக் கோர்ட்டுக்குப் போன 400 கைநாட்டுகள்!

புளியங்குடியில் ஒரு குழந்தை பிறக்கிறது. நகராட்சி அலுவலகத்தில் அதன் பிறப்பு பதிவாகிறது. பிறகு பள்ளிக்கூடப் பதிவேட்டில் பெயர். ரேஷன் கார்டில் பெயர். 18 வயதானதும் வாக்காளர் பட்டியலில் பெயர். வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனால் பாஸ்போர்ட்டிலும் பெயர்.

எலுமிச்சம்பழ மூட்டைகளைக் கேரளத்துக்கு ஏற்றி அனுப்பிவிட்டு வீடு திரும்பும் வியாபாரி, "நான் எந்த நாட்டுப் பிரஜை?" என்று ஒரு நாளாவது யோசித்திருப்பாரா? மாட்டார். யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்தக் கேள்வியோடு பிறந்து, அந்தக் கேள்வியோடு சாகிற ஜனங்கள் வங்காள விரிகுடாவுக்கு அக்கரையில் இருக்கிறார்கள். அவர்கள்தான் ரோகிங்கியா மக்கள். பர்மாவின் மேற்கு ஓரத்தில், அரக்கான் சீமையில் (இன்று ராக்கைன் மாநிலம்) தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள், சிறு அளவில் இந்துக்களும் உண்டு. நெல் விளைத்தார்கள், மீன் பிடித்தார்கள்.

வானொலியில் ஒலித்த மொழி

இவர்களை பர்மா என்றுமே ஏற்றுக்கொண்டதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 1961-ல் பர்மா வானொலி ரோகிங்கியா மொழியிலும் நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியது. ரங்கூன் பார்லிமெண்டில் இவர்களுடைய பிரதிநிதிகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

1962-ல் ஜெனரல் நீ வின் ஆட்சியைப் பிடித்தார். காற்று திசை மாறியது. இரண்டு வருஷங்களில் வானொலி நிகழ்ச்சியும் நின்றது.

1978-ல் "நாகமின்" என்ற பெயரில் ராணுவ நடவடிக்கை தொடங்கியது. நாகமின் என்றால் நாகராஜன் என்று அர்த்தம்! அன்னியர்களைக் கண்டுபிடிப்பதற்காக என்றார்கள். 2 லட்சம் பேர் வங்காள தேசத்துக்கு ஓடினார்கள். 1991, 92-ல் மறுபடியும் இரண்டரை லட்சம் பேர் ஓடினார்கள்.

இடையில் 1982-ல் வந்தது பிரஜா உரிமைச் சட்டம். வெள்ளைக்காரர்கள் அரக்கானைப் பிடிக்கும் முன்பு, அதாவது 1823-ம் வருஷத்துக்கு முன்பே அந்த மண்ணில் இருந்த இனங்களுக்கே முழு உரிமை என்றது சட்டம். சர்க்கார் வைத்திருக்கும் ஜாப்தாவில் 135 இனங்கள் உண்டு. ரோகிங்கியா என்ற பெயர் மட்டும் இல்லை!

160 வருஷத்துக்கு முன் தன் பாட்டனுக்குப் பாட்டன் எந்த ஊரில் இருந்தான் என்பதற்கு எந்தக் குடியானவன் பத்திரம் வைத்திருப்பான்? வைத்திருந்த சீட்டுகளையும் அதிகாரிகள் வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை. அடுத்த ஊருக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். கல்யாணம் செய்யவும் அனுமதி வேண்டும். 1990-களில் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்று கொடுப்பதும் நின்றது. 2014-ல் எடுத்த ஜனத்தொகைக் கணக்கில் "ரோகிங்கியா" என்று சொன்னவர்களை எண்ணவே இல்லை.

நமக்குத் தெரிந்த கதைதான்

"பர்மாவில் நடப்பதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

அதே நீ வின் ஆட்சி 1964-ல் கடைகளையெல்லாம் சர்க்கார் உடைமை ஆக்கியது. ரங்கூனில் தலைமுறையாக வியாபாரம் செய்த தமிழர்கள் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். சேர்த்த பணத்தையும் நகையையும் கொண்டுவர அனுமதி இல்லை. கட்டிய துணியோடு கப்பலேறி சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். தமிழ்நாட்டுப் பட்டணங்கள் பலவற்றில் "பர்மா காலனி" என்று ஒரு பகுதி இருக்கிறதே, அது இப்படி வந்ததுதான். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் முளைத்ததும் இப்படித்தான். தாயகம் திரும்பியவர்களுக்குக் கடன் கொடுப்பதற்கென்றே 1969-ல் ஒரு கூட்டுறவு பாங்கி ஆரம்பிக்கப்பட்டது. அதுதான் ரெப்கோ பாங்கி.

இலங்கை மலைநாட்டிலோ 1948-ல் ஒரே சட்டம் லட்சக்கணக்கான தேயிலைத் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1952-ல் தொண்டமான் தலைமையில் கொழும்பில் சத்தியாக்கிரகம் நடந்தது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள்: 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு! ஆட்டு மந்தையைப் பிரிப்பதுபோலப் பிரித்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜா உரிமை கிடைக்க 2003-ம் வருஷம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனாலும் ஒரு வித்தியாசம். பர்மாத் தமிழனுக்கு வந்து இறங்க ஒரு துறைமுகம் இருந்தது. ரோகிங்கியாவுக்கு அதுவும் இல்லை. பர்மா அவனை "வங்காளி" என்கிறது. வங்காள தேசமோ, "பர்மாக்காரன்" என்கிறது.

பத்துப் புளியங்குடிகள்

2017 ஆகஸ்டு 25. ரோகிங்கியா ஆயுதக் குழு ஒன்று போலீஸ் நிலையங்களைத் தாக்கியது. பதிலுக்கு ராணுவம் கிராமங்களில் புகுந்தது. வீடுகளுக்குத் தீ, ஓடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு, பெண்களுக்கு நேர்ந்தது எழுதத் தகாதது. முதல் ஒரு மாதத்தில் மட்டும் குறைந்தது 6,700 பேர் கொல்லப்பட்டதாக "எல்லைகளற்ற மருத்துவர்கள்" சங்கம் கணக்கிட்டது. அவர்களில் 730 பேர் ஐந்து வயதுகூட நிரம்பாதவர்கள்.

சில மாதங்களில் 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் நாப் ஆற்றைத் தாண்டி வங்காள தேசத்தின் காக்ஸ் பஜார் பகுதிக்கு வந்து சேர்ந்தார்கள். 2011 கணக்குப்படி புளியங்குடியின் ஜனத்தொகை சுமார் 66 ஆயிரம். பத்துப் புளியங்குடி ஜனங்கள் ஒட்டுமொத்தமாக எழுந்து நடந்து வந்து, மூங்கிலும் தார்ப்பாயும் கட்டிய குடிசைகளில் குந்தினால் எப்படி இருக்கும்? குட்டுபாலாங் முகாம் அப்படித்தான் பெருத்தது.

வாத்தியார் எடுத்த கணக்கு

முகாமுக்கு வந்தவர்களில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் இருந்தார். பெயர் மொகிபுல்லா. அரக்கானில் மாங்டா பகுதிக்காரர்.

எல்லோரும் அரிசிக்கும் தண்ணீருக்கும் வரிசையில் நின்றபோது, அவரும் அவருடைய தோழர்களும் குடிசை குடிசையாக ஏறி இறங்கினார்கள். "உங்கள் வீட்டில் யார் இறந்தார்கள்? என்ன பெயர்? எந்த ஊர்? எப்போது?" கேட்டுக் கேட்டு, கையால் எழுதிப் பட்டியல் தயாரித்தார்கள். கொலை, கற்பழிப்பு, தீவைப்பு எல்லாவற்றுக்கும் கணக்கு!

உயிரோடு இருந்தபோது எந்தப் பதிவேட்டிலும் ஏறாத பெயர்கள், செத்த பிறகு வாத்தியார் காகிதத்தில் ஏறின.

இதே நேரத்தில் சென்னையிலும் மற்ற ஊர்களிலும் கண்டன ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. 2017 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சுவர்களில் ஒட்டாத சுவரொட்டி இல்லை. அவை தேவைதான். ஆனால், மழை பெய்தால் சுவரொட்டி கிழிந்துவிடும். கோர்ட்டில் நிற்பது பட்டியல்தான்.

2019 மார்ச்சில் மொகிபுல்லா ஜினீவாவுக்குப் போய் ஐ.நா. மனித உரிமைச் சபையில் பேசினார். அதே ஆண்டு ஜூலையில் வாஷிங்டன் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி டிரம்பின் முன் நின்று, "நாங்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும், வழி என்ன?" என்ற பொருளில் கேட்டார்.

சுவருக்கு அப்பால் விழுந்தால்?

ராணுவத் தளபதிகளைக் கூண்டில் ஏற்ற வேண்டும். எந்தக் கோர்ட்டில்? நெதர்லாந்து நாட்டில் ஹேக் நகரில் சர்வதேசக் குற்றவியல் கோர்ட்டு இருக்கிறது. அதில் பர்மா உறுப்பினர் இல்லை. உறுப்பினர் அல்லாத நாட்டில் நடந்ததை அந்தக் கோர்ட்டு எப்படி விசாரிக்கும்? பலரும் கதவு மூடிவிட்டது என்றே நினைத்தார்கள்.

இங்கேதான் வக்கீல்களின் மூளை வேலை செய்தது. "நாடு கடத்துதல்" என்பது ஒரு குற்றம். அது எங்கே முடிகிறது? எல்லையைத் தாண்டி அடுத்த மண்ணில் கால் வைக்கும்போதுதான் முடிகிறது. அடுத்த மண் வங்காள தேசம். வங்காள தேசமோ 2010-ல் இந்தக் கோர்ட்டில் சேர்ந்த நாடு! புளியரை செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் ஒருவனை உதைத்து, இந்தப் பக்கம் வந்து விழும்படி தள்ளினால், தென்காசி கோர்ட்டு "எனக்கென்ன?" என்று சொல்ல முடியுமா?

இந்த வாதத்தை 2018 ஏப்ரலில் கோர்ட்டின் பிராசிக்யூட்டர் எழுப்பினார். அடுத்த மாதமே முகாமிலிருந்து ஒரு மனு வந்தது. கணவனை இழந்தவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், மானபங்கம் செய்யப்பட்டவர்கள் என்று 400 பெண்கள் சேர்ந்து அனுப்பியது அது. அவர்கள் தங்கள் கூட்டத்துக்கு வைத்த பெயர் "சாந்தி மொகிலா", அதாவது அமைதிப் பெண்கள். கையெழுத்து என்று வைத்தது பெருவிரல் ரேகை. "எங்கள் வழக்கை விசாரியுங்கள்" என்பதே வேண்டுகோள்.

2018 செப்டம்பர் 6-ந்தேதி, விசாரிக்க அதிகாரம் உண்டு என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்! 2019 நவம்பரில் முழு விசாரணைக்கு அனுமதி கிடைத்தது. 2024 நவம்பர் 27-ல் பர்மா ராணுவத் தலைவர் மின் ஆங் லைங்கைக் கைது செய்ய வாரண்டு கேட்டு பிராசிக்யூட்டர் மனுப் போட்டார்.

கைநாட்டு என்றால் நம் ஊரில் கேலி. அந்தக் கேலியை இனி கொஞ்சம் யோசித்துச் செய்யலாம்.

சின்னஞ்சிறு நாடு

அதே ஹேக் நகரில் இன்னொரு கோர்ட்டும் இருக்கிறது. நாட்டுக்கும் நாட்டுக்கும் உள்ள வழக்கைத் தீர்க்கும் சர்வதேச நீதிமன்றம் அது. அங்கே பர்மா மீது "இனப்படுகொலை" வழக்குப் போட்டது வல்லரசு எதுவும் அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா! கடலோரம் தவிர, சுற்றிலும் செனகால் நாடு. நடுவில் ஒரு ஆற்றங்கரைத் துண்டு. அவ்வளவுதான் காம்பியா.

அதன் நீதி மந்திரி அபூபக்கர் தம்பாது 2018-ல் காக்ஸ் பஜார் முகாமைப் பார்க்கப் போனார். ருவாண்டா படுகொலை வழக்குகளை நடத்திய கோர்ட்டில் முன்பு வேலை பார்த்தவர் அவர். அகதிகள் சொன்ன கதைகள் அவருக்கு ருவாண்டாவை நினைவூட்டின. 2019 நவம்பர் 11-ல் வழக்கு தாக்கலாயிற்று. டிசம்பரில், சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஆங் சான் சூகியே ராணுவத்துக்காக வாதாட ஹேக் வந்தார். 2020 ஜனவரி 23-ல், மிச்சமிருக்கும் ரோகிங்கியாக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று பர்மாவுக்கு நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். அடுத்த வருஷம் பிப்ரவரியில் அதே ராணுவம் சூகியைச் சிறையில் தள்ளியது!

மொகிபுல்லாவின் முடிவு பரிதாபமானது. 2021 செப்டம்பர் 29-ந்தேதி இரவு, முகாமில் அவருடைய அலுவலகத்திலேயே துப்பாக்கிக்காரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டது பர்மா ராணுவம் அல்ல. ரோகிங்கியா ஆயுதக் குழுவான "அர்சா" மீது குடும்பத்தார் குற்றம் சாட்டினார்கள். காகிதத்தையும் பேனாவையும் நம்பியவர், தன் ஜனங்களின் பெயரால் துப்பாக்கி எடுத்தவர்களுக்கும் இடைஞ்சலாகிவிட்டார் போலும். அவருடைய குடும்பம் பிறகு கனடாவில் குடியேறியது.

கேளம்பாக்கத்தில்

புளியங்குடியிலிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ் ஏறினால் காலையில் இறங்குவது கிளாம்பாக்கம். அங்கிருந்து வண்டலூர் சாலையில் கிழக்கே போனால் கேளம்பாக்கம். (பெயர் ஒற்றுமையில் ஏமாந்து போகக்கூடாது!) 2012-ல் அரக்கானில் கலவரம் நடந்த காலத்தை ஒட்டி வந்த சில ரோகிங்கியா குடும்பங்களுக்கு இந்தக் கேளம்பாக்கத்தில்தான், அரசாங்கத்தின் புயல் பாதுகாப்புக் கட்டிடத்தில் இடம் கிடைத்தது. எல்லோரும் சேர்ந்து நூறு பேர் அளவில்தான் இருப்பார்கள். ஆண்கள் பழைய காகிதமும் பிளாஸ்டிக்கும் பொறுக்கி விற்றுப் பிழைத்தார்கள். பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் "அ, ஆ" படித்து, தமிழில் சரளமாகப் பேசலானார்கள்.

இவர்களைப் பற்றி மத்திய சர்க்காரின் நிலை வேறு. சட்ட விரோதமாக வந்தவர்கள், திருப்பி அனுப்பப்பட வேண்டியவர்கள் என்பதே அது. 1951-ம் வருஷத்து அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2018 அக்டோபரில் அசாமில் சிறையிலிருந்த 7 பேரை பர்மாவிடம் ஒப்படைத்தார்கள். நாடு கடத்துவதற்கு எதிராக சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டவர்களும் ரோகிங்கியாக்களே. சட்டப்படியான நடைமுறை இல்லாமல் யாரையும் அனுப்பக் கூடாது என்று 2021 ஏப்ரலில் கோர்ட்டு சொன்னது. முழுத் தடை விதிக்கவில்லை.

ஏன் திரும்பிப் போகவில்லை?

"அவர்கள் சொந்த ஊருக்கே போய்விடலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு அவர்களே ஒரு நாள் பதில் சொன்னார்கள்.

2019 ஆகஸ்டு 22. பர்மாவும் வங்காள தேசமும் பேசி முடித்து, மூவாயிரத்துக்கு மேற்பட்டோரைத் திருப்பி அழைத்துக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தன. பர்மா அவர்களுக்குக் கொடுக்க முன்வந்தது பிரஜா உரிமை அல்ல. "சரிபார்ப்பு அட்டை" என்று ஒன்று. வாங்கிக்கொண்டால், தான் அன்னியன் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது ரோகிங்கியாக்களின் பயம்.

பட்டியலில் இருந்தவர்களை அதிகாரிகள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "போகச் சம்மதமா?" என்று கேட்டார்கள். "பிரஜா உரிமை கொடுத்தால் போகிறோம், எங்கள் நிலத்தைக் கொடுத்தால் போகிறோம்" என்பதே பதிலாக இருந்தது. மூன்று நாள் கழித்து, ஆகஸ்டு 25-ல், மொகிபுல்லா கூட்டிய கூட்டத்தில் லட்சக்கணக்கானோர் திரண்டு அதையே திரும்பச் சொன்னார்கள்.

22-ந்தேதி காலையிலேயே ஐந்து பஸ்களும் பத்து லாரிகளும் முகாமுக்கு வந்து நின்றன. ஒருவர்கூட ஏறவில்லை. வண்டிகள் காலியாகவே திரும்பின.