நெல் கணக்கில் குழம்பிய கம்ப்யூட்டர்!
64-வது கட்டத்தில் நடந்த வேடிக்கை

சதுரங்கம் கண்டுபிடித்த பெரியவர் அரசனிடம் நெல் கேட்ட கதை பலருக்கும் தெரியும். முதல் கட்டத்துக்கு 1 நெல். அடுத்த கட்டத்துக்கு 2. அதற்கு அடுத்து 4. இப்படியே 64 கட்டத்துக்கும் இரட்டிப்பு! அரசனின் களஞ்சியமே போதவில்லை.

இதே கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டால்?

கட்டளையை வாங்கிக் கம்ப்யூட்டரிடம் வேலை வாங்கும் மேஸ்திரிக்கு ‘ஷெல்’ என்று பெயர். லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இருப்பது ‘பாஷ்’ என்ற ஷெல். பிரையன் ஃபாக்ஸ் எழுதி, 1989-ல் வெளிவந்தது. அதற்குக் கணக்கும் தெரியும்.

தள்ளினால் இரட்டிப்பு

கம்ப்யூட்டருக்கு 0, 1 என்ற இரண்டே இலக்கங்கள். ஒவ்வொன்றும் ஒரு ‘பிட்’. நம் கணக்கில் 5-க்குப் பின்னால் பூஜ்யம் போட்டால் பத்து மடங்கு. அங்கே பூஜ்யம் போட்டால் இரண்டு மடங்கு. 1<<3 என்று தட்டினால், 1 மூன்று இடம் இடப்பக்கம் தள்ளப்படும். விடை 8. அதாவது, நாலாவது கட்டத்து நெல்!

63-வது கட்டத்துக்கு 62 இடம் தள்ள வேண்டும். விடை 46,11,68,60,18,42,73,87,904. சரியான விடைதான்.

அடுத்தது கடைசிக் கட்டம். 63 இடம். வரவேண்டியது 92,23,37,20,36,85,47,75,808. பாஷ் அதே எண்ணைத்தான் சொல்கிறது. ஆனால் முன்னால் ஒரு கழித்தல் குறி!

காரணம் என்ன? பாஷிடம் ஓர் எண்ணுக்கு 64 இடங்களே உண்டு. இடது கோடி இடத்தில் 1 விழுந்தால், அது கழித்தல் எண். தள்ளிய 1 அங்கேதான் போய் விழுந்தது.

சரி, 64 இடம் தள்ளினால்? பூஜ்யம் வரும் என்று நினைப்போம். இன்டெல் வகைக் கம்ப்யூட்டரில் வருவதோ 1! 64-ஐ 64-ஆல் வகுத்த மீதியைத்தான் அது பார்க்கிறது. மீதி 0. ஆகவே அது தள்ளவே இல்லை. பாஷ் எழுதப்பட்ட ‘சி’ மொழியிலும் இதற்கு விடை இன்னது என்று விதி கிடையாது.

வலப்பக்கம் தள்ளினால் பாதியாகும். -8 என்பது -4 ஆகும். ஆனால் -1 எத்தனை முறை தள்ளினாலும் -1 தான். ‘பூஜ்யம் ஆகும் வரை தள்ளு’ என்று எழுதிவிட்டால், வேலை விடிய விடிய ஓடும்!

இதில் ஆபத்து, பாஷ் வாய் திறப்பதில்லை என்பதே. தப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது. டிஸ்கில் இடம் போதுமா என்று பார்க்கும்போது, தேவைக் கணக்கு கழித்தலில் போனால் ‘போதும்’ என்றுதான் விடை வரும். நகல் எடுப்பது பாதியில் நிற்கும். அதனால்தான் அனுபவசாலிகள் நடு எண்களை விட்டுவிட்டு, 62, 63, 64 என்று ஓரத்து எண்களையே போட்டுப் பார்க்கிறார்கள்.

அரசன் கொடுக்க வேண்டிய மொத்த நெல் எவ்வளவு? 64 கட்டத்தையும் பாஷிடம் கூட்டச் சொன்னால், விடை -1. பெரியவர்தான் அரசனுக்கு ஒரு நெல் பாக்கி!