கேள்வியைப் பிள்ளைகளே எழுதட்டும்!

எங்கள் சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் சந்நிதிக்கு முன்னால் தரையில் ஒரு சக்கரக் குழி உண்டு. மனசு சரியில்லாதவர்களை அதில் உட்கார வைத்து வேண்டிக்கொள்வது வழக்கம். வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் என் பெண் லீவில் வந்தவள், "நானும் கொஞ்ச நேரம் உட்காரட்டுமாம்மா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இரண்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லையாம்!

"தினமும் போன் பண்றேனே, ஏன்டி சொல்லலை?"

"நீ 'சாப்பிட்டியா, படிச்சியா'ன்னுதானேம்மா கேட்டே?"

கல்லூரியிலும் ஒரு படிவம் கொடுத்தார்களாம். பெயர், நம்பர் எல்லாம் எழுதி, 'மன அழுத்தம் உண்டா?' என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதுவும் பரீட்சை வாரத்தில்! எல்லோரும் 'இல்லை' என்றே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

படிவம் தயாரிக்கும்போதே இரண்டு மாணவர்களைக் கூட வைத்துக்கொண்டிருந்தால், "பேர் வேண்டாம் சார், பரீட்சை முடியட்டும்" என்று சொல்லியிருப்பார்களே!

வெளிநாடுகளில் இப்படிச் செய்கிறார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியை மையமாகக் கொண்டு 2018-ல் மாணவர் மனநல ஆராய்ச்சிக்கு ஓர் அமைப்பு தொடங்கினார்கள். எதை ஆராய வேண்டும் என்பதையே மாணவர்களிடம் கேட்டார்கள். அதே ஆண்டு கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வில், மாணவர்களே சக மாணவர்களிடம் எடுத்துச் சொன்னார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் பதில் எழுதினார்கள்.

நம் நாட்டிலும் மாணவர் தற்கொலைகளைப் பற்றி ஆராய உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில், முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு மாணவர்களிடமும் பெற்றோரிடமும் கருத்துக் கேட்டது. நல்ல ஆரம்பம். ஆனால் கேட்பது வேறு, கூட்டாளியாகச் சேர்ப்பது வேறு. சேர்த்தால் அவர்கள் நேரத்துக்கு உரிய ஊதியம் தர வேண்டும். சொந்த வேதனையைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது.

நானும் வீட்டில் ஓர் ஆராய்ச்சி செய்தேன்! "இனிமே எப்படிக் கேக்கணும், நீயே எழுதிக் கொடு" என்று நோட்டை நீட்டினேன். 'ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினே? யாரோட சாப்பிட்டே? அழுகை வந்துச்சா?' என்று எழுதினாள். மூன்றாவதைப் படித்ததும் எனக்கே அழுகை வந்துவிட்டது.

அம்மனையும் வேண்டிக்கொண்டோம், டாக்டரிடமும் காட்டினோம். இப்போது தேவலை. உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416 என்ற அரசாங்க எண் இருக்கிறது. இலவசம்தான், தமிழிலேயே பேசலாம்.

சகோதரிகளே, இன்றைக்கு உங்கள் பிள்ளையிடமும் ஒரு நோட்டை நீட்டிப் பாருங்களேன்!