கேஷுவால்டியின் ஜன்னல் திறந்திருக்கிறதா?

காசநோய் ஒழிப்புக்கு மத்திய அரசு வைத்த கெடு 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டது. "அப்படியென்றால் கேஷுவால்டியில் இனி என்95 வேண்டாமா?" என்று சைதாப்பேட்டையிலிருந்து ஒரு செவிலியர் கேட்டிருக்கிறார். வேறு சில கடிதங்களிலும் இதே குழப்பம்.

கட்டாயம் வேண்டும். அரசு சொன்ன 'ஒழிப்பு', புதிய நோயாளிகளின் விகிதத்தை 2015-ல் இருந்ததைவிட 80 சதவீதம் குறைப்பது. லட்சத்துக்கு 237 பேர் என்றிருந்தது 2024-ல் 187 ஆனது. சரிவு 21 சதவீதம்தான். உலக சராசரியைவிட வேகம் என்கிறார்கள், உண்மைதான். இருமுகிறவர் முன்னால் நிற்கும் செவிலியரை அந்த ஒப்பீடு காப்பாற்றாது.

அங்கே ஆபத்து, நோய் உறுதியாகி மாத்திரை சாப்பிடுபவரால் அல்ல. மூச்சுத்திணறல் என்றோ விபத்து என்றோ வந்து படுத்திருக்கும், சளிப் பரிசோதனையே செய்யாதவரால். சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் மையத்தின் ஆய்வுகள் இதை அன்றே உணர்த்தின: வீட்டிலிருந்தே சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு, சானடோரியத்தில் சேர்ந்தவர்களின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் தொற்றவில்லை.

யாருக்கு நோய் என்று தெரியாத இடத்தில் முதல் காவல் காற்றுதான். அறைக் காற்று மணிக்கு 12 முறை மாறினால், மிதக்கும் கிருமித் துகள்களில் 99 சதவீதம் வெளியேற 23 நிமிடம் ஆகும். 6 முறை என்றால் 46 நிமிடம். இரண்டே முறை என்றால் 138 நிமிடம்! சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளிருப்பதையே குளிரவைத்துச் சுற்றவிடுகிறது. நோயாளி வார்டுக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்து டியூட்டிக்கு வருபவரும் அவர் இருமிய காற்றைச் சுவாசிக்கலாம். பெரு நாட்டின் லிமாவில் மருத்துவமனை அறைகளை அளந்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஜன்னல் கதவுகளைத் திறந்தபோது சராசரி 28 முறை. உயரமான கூரையுள்ள பழைய கட்டடங்களில் 40. திறக்க முடியாத கண்ணாடி பதித்துவிட்டு அதை நவீனமயம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

காற்றின் திசையும் முக்கியம்: ஊழியர் பக்கம் நுழைந்து, நோயாளியைக் கடந்து வெளியேற வேண்டும். ஊதுவத்திப் புகையே காட்டிக்கொடுக்கும்.

சர்ஜிக்கல் மாஸ்க் போதுமா? அது இருமுகிறவருக்கு, ஊழியருக்கு என்95.

சிறுவயதில் போட்ட பிசிஜி காக்குமா? பெரியவர்கள் அதை நம்பியிருக்க முடியாது.

தட்டு, டம்ளர் வழியே பரவுமா? இல்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருப்பவர்கள், கேஷுவால்டியில் சீட்டு போடும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.