கோவிட் வந்த பிள்ளைக்கு வலிப்பு ஏன் வருகிறது?

படிவம் 4 வகுப்பில் பெருந்தொற்றின் விளைவுகளைப் பற்றி விளக்கக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். பாடாங் செராய் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, “டீச்சர், கோவிட் நுரையீரல் நோய்தானே? அப்புறம் ஏன் என் தம்பிக்கு இழுப்பு வந்துச்சு?” என்று கேட்டாள். 2022 தொடக்கம், ஒமிக்ரோன் பரவிய நேரம். தம்பிக்கு அப்போது மூன்று வயது. பாட்டி அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தாராம். பக்கத்து வீட்டு அக்கா வாயில் கரண்டியை வைத்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் கிடைக்கவே நேரமாகிவிட்டதாம். பையன் இப்போது நலம். ஆனால் அன்று அவள் கேள்விக்கு என்னால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. படித்துப் பார்த்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

முதலில் சொல். ‘இழுப்பு’ என்றால் நம்மில் பலருக்கு ஆஸ்துமா மூச்சிரைப்பும் அதுதான், கைகால் வெட்டிக்கொள்வதும் அதுதான். கட்டுரையில் ‘வலிப்பு’ என்றே எழுதுங்கள். தாதியிடம் ‘சவான்’ என்று மலாயில் சொன்னால் உடனே புரிந்துகொள்வார். அதேபோல் ‘மூளைக்காய்ச்சல்’ என்ற ஒரே சொல்லுக்குள் நாம் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறோம். மூளையே வீங்கிப் புண்படுவது மூளையழற்சி. மூளையைச் சுற்றியுள்ள உறை பாதிக்கப்படுவது மூளையுறை அழற்சி. இரண்டும் வேறு.

இனி காரணம். பெரும்பாலான பிள்ளைகளிடம் கிருமி நேராக மூளைக்குள் புகுந்து அழிப்பதில்லை. அதை எதிர்க்க நம் உடல் கிளப்பும் அழற்சிதான் மூளையையும் நரம்பையும் தொந்தரவு செய்கிறது. இரத்தம் உறைந்து குழாய் அடைத்தால் பக்கவாதம். நோய் எதிர்ப்புப் படை தன் நரம்பையே தாக்கினால் காலில் தொடங்கி மேலேறும் தளர்ச்சி. இதற்குக் கில்லன்-பாரே என்று பெயர். சின்னப் பிள்ளைகளிடம் அதிகம் காண்பது காய்ச்சல் வலிப்பு. 6 மாதம் முதல் 5 வயது வரை எந்தக் காய்ச்சலிலும் அது வரலாம், கோவிட் காய்ச்சல் உட்பட. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் சில நிமிடங்களில் நின்றுவிடும், மூளையைக் கெடுக்காது.

எவ்வளவு பேருக்கு? அமெரிக்காவில் 2020 மார்ச் முதல் டிசம்பர் வரை 61 மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட, 21 வயதுக்குட்பட்ட 1,695 பேரை ஆராய்ந்தார்கள். அதில் 365 பேருக்கு, அதாவது 100-க்கு 22 பேருக்கு, நரம்பு சார்ந்த ஏதோ ஒரு பாதிப்பு இருந்தது. அவர்களில் 322 பேருக்கு அது தற்காலிகம்: தலைவலி, சோர்வு, மணம் தெரியாமை, வலிப்பு போன்றவை. 43 பேருக்கு உயிருக்கே ஆபத்து. அந்த 43 பேரில் 11 பேர் இறந்தார்கள், 17 பேர் புதிய நரம்புக் குறையோடு வீடு திரும்பினார்கள். முன்பே நரம்பு நோய் இருந்த பிள்ளைகளுக்கு வாய்ப்பு கூடுதல்தான். இருந்தாலும் பாதிக்கப்பட்ட 365 பேரில் 195 பேர் அதற்கு முன் எந்த நோயும் இல்லாதவர்கள். “என் பிள்ளை திடகாத்திரமா இருக்கான்” என்று சொல்லிக் காத்திருக்க முடியாது.

தேர்வு எழுதுபவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். 22 விழுக்காடு என்பது மருத்துவமனையில் படுத்த பிள்ளைகளில். கோவிட் வந்த எல்லாப் பிள்ளைகளிலும் அல்ல. ‘யாரில்’ என்பதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதினால் உண்மையே பொய்யாகிவிடும். என் மாணவர் கட்டுரைகளில் பாதிக்கு மேல் இந்தப் பிழை இருந்தது.

இன்னொன்று, “கோவிட் போச்சு” என்று நிம்மதியான பிறகு வருவது. தொற்று முடிந்து 2 முதல் 6 வாரத்தில் சில பிள்ளைகளுக்குப் பல உறுப்புகளில் ஒரே நேரத்தில் அழற்சி கிளம்பும். விடாத காய்ச்சல், வயிற்றுவலி, கண் சிவப்பு, தோலில் தடிப்பு, சிலரிடம் குழப்பமான பேச்சு. கிளினிக்கில் காட்டும்போது “போன மாதம் கோவிட் வந்தது” என்று பெற்றோரே சொல்ல வேண்டும். யாரும் கேட்கமாட்டார்கள்.

வலிப்பு வந்தால் என்ன செய்வது? பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சட்டைக் கழுத்தைத் தளர்த்துங்கள், மணியைப் பாருங்கள். வாயில் கரண்டி, விரல், தண்ணீர், மருந்து எதுவும் வேண்டாம். பல் உடையும், புரையேறும். சாவியால் வலிப்பு நிற்காது. அது தானாக நிற்கும் நேரத்தில் சாவி கையில் இருந்திருக்கும், அவ்வளவுதான். (பாட்டியிடம் இதைப் பக்குவமாகச் சொல்லவும்.) 5 நிமிடம் தாண்டினாலோ, நின்ற பிறகும் பிள்ளை தெளியாவிட்டாலோ 999. முதல் முறை என்றால், நின்றுவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தோட்டத்து லயத்திலிருந்து சுங்கைப் பட்டாணிக்கோ கூலிமுக்கோ போக நேரமாகும். காய்ச்சல் கண்ட அன்றே, யார் வீட்டுக் காரில் போவது என்று பேசி வைத்துக்கொள்வது நல்லது.

ஆசிரியர்களுக்கு ஒன்று. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிள்ளையின் கையெழுத்து கோணினாலோ, தெரிந்த செய்யுள் மறந்தாலோ, இரண்டாம் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்த்தாலோ அதைச் சோம்பல் என்று எழுதிவிடாதீர்கள். தேதியோடு குறித்து வைத்துப் பெற்றோரிடம் கொடுங்கள், மருத்துவரிடம் காட்ட உதவும். குறை நீடித்தால், சிறப்புத் தேவையுள்ள தேர்வர்களுக்குக் கூடுதல் நேரம் கேட்கும் வழி இருக்கிறது. மருத்துவக் கடிதத்தோடு பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் தேர்வுக்குப் பல மாதங்களுக்கு முன்பே.