தவளைக் கண் தரும் பாடம்

மழைக்காலத்தில் நுவரெலியா, அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் கான்களிலே கத்தும் தவளையை நாம் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், மனிதனுக்கு வாய்க்காத பேறொன்று தவளையினத்துக்கு உண்டு. பார்வை நரம்பை அறுத்தாலும், அது மீண்டும் வளர்ந்து மூளையைச் சேர்கிறது. இழந்த பார்வை திரும்புகிறது.

1940களில் அமெரிக்க அறிஞர் ரோஜர் ஸ்பெரி, நரம்பை அறுத்ததோடு கண்ணையும் தலைகீழாகத் திருப்பி வைத்தார். வளர்ந்த நரம்பிழைகள் மூளையில் தத்தம் பழைய இடங்களையே நாடின. ஆதலின், மேலிருந்த இரையைப் பிடிக்கத் தவளை கீழே பாய்ந்தது.

இவ்வளர்ச்சிக்குக் காரணம் யாது? நரம்பு அறுபட்டதும், விழித்திரை உயிரணுக்களில் அடங்கிக் கிடந்த சில மரபணுக்கள் மீண்டும் முனைந்து செயற்பட்டு, நரம்பு வளர்வதற்கு வேண்டிய 'கேப்-43' முதலிய புரதங்களை ஆக்குகின்றன. வளர்ந்த மனிதரின் விழித்திரையிலோ இவ்வாற்றல் ஒடுங்கிவிடுகிறது.

1961இல் தோன்றிய இலங்கைக் கண்தானச் சங்கம் வழங்கும் கருவிழிப்படலம் பலருக்குப் பார்வை அளித்துள்ளது. எனினும், குளுக்கோமா நோயால் பார்வை நரம்பு அழிந்தோர்க்கு அதுவும் உதவாது. அழிந்த நரம்பை மீட்க இன்று மருந்தில்லை. முன்னரே அறியின், எஞ்சிய பார்வையைக் காக்க வழியுண்டு.

மாணவர்காள்! நாற்பது வயது கடந்த உங்கள் பெற்றோரைக் கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.