சலீம் அலி பழவௌவால்

சலீம் அலி பழவௌவால் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய அரிய பழந்தின்னி வௌவால். லாட்டிடென்ஸ் என்னும் பேரினத்தில் இது ஒன்றே உள்ளது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மலைகளோடு தொடரும் மேகமலைதான் இது முதலில் கிடைத்த இடம்.

1948-இல் தோட்டக்காரரும் இயற்கை ஆர்வலருமான ஆங்கஸ் ஹட்டன் மேகமலையில் இதைச் சேகரித்தார். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்த அந்த உடல், எங்கும் காணப்படும் குட்டைமூக்குப் பழவௌவால் என்ற பெயரிலேயே கிடந்தது. தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தொங்லோங்யா அதை மறுபடி ஆராய்ந்து, 1972-இல் தனி இனமென அறிவித்து, பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். காட்டில் இது மீண்டும் கண்டறியப்பட்டது 1993-இல்தான்.

குட்டைமூக்கு வௌவாலும் இதுவும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அடையாளங்கள் தெளிவானவை. குட்டைமூக்கு வௌவாலுக்குச் சிறு வால் உண்டு. காது விளிம்பு வெளுத்திருக்கும். கீழ்த்தாடையில் இரண்டு இணை வெட்டுப்பற்கள் இருக்கும். சலீம் அலி வௌவாலுக்கு வெளியே தெரியும் வால் கிடையாது. காதில் வெள்ளை விளிம்பு இல்லை. மேலும் கீழும் ஒவ்வோர் இணை வெட்டுப்பற்களே உண்டு. பேரினப் பெயருக்கே 'அகன்ற பல்' என்று பொருள்.

சமவெளியில் குட்டைமூக்கு வௌவால் பனையோலை மறைவில் தங்கும். சலீம் அலி வௌவாலோ மலைக் குகைகளில் சிறு கூட்டமாகப் பகலைக் கழிக்கும். இருட்டியதும் கண்ணையும் மூக்கையும் நம்பி இரை தேடும். சோலைக்காடுகளிலும், காடு ஒட்டிய காப்பி, ஏலத் தோட்டங்களிலும் பறக்கும். காட்டு அத்தி, உருத்திராட்ச இன மரங்களின் பழங்கள் இதற்குப் பிடித்த உணவு. பழத்தை மென்று சாற்றை விழுங்கிச் சக்கையைத் துப்பும். இப்படித் தின்னும்போது விதைகள் தாய்மரத்தை விட்டுத் தள்ளி விழுவதால் காடு புதுப்பிக்கப்படுகிறது.

காடழிப்பும், குகைகளில் ஏற்படும் தொந்தரவும், இறைச்சிக்காகவும் மருந்துக்கென்றும் நடக்கும் வேட்டையும் இதற்கு ஆபத்தாக உள்ளன. வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் மற்றப் பழந்தின்னி வௌவால்களை நெடுங்காலம் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. இதற்கு மட்டும் முதல் அட்டவணையின் முழுப் பாதுகாப்பு கிடைத்தது. 2021-இல் மேகமலைச் சரணாலயமும் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயமும் இணைந்து புலிகள் காப்பகமாகின. இந்த வௌவாலின் தாயகமும் அந்தக் காப்பு எல்லைக்குள் வந்தது.