பள்ளியில் ஒரு மரணமும் பிள்ளைகளின் துக்கமும்

அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்து லைமா நகரின் கற்பனைப் பள்ளியொன்றில் இயங்கும் பாட்டுக் குழுவைப் பற்றிய 'கிளீ' என்ற தொலைக்காட்சித் தொடரில், ஃபின் ஹட்சன் என்னும் பாத்திரத்தை ஏற்று நடித்த கோரி மான்டீத், ஹெராயினும் மதுவும் சேர்ந்து விளைத்த நஞ்சினால் 2013 ஜூலை 13-ஆம் தேதி தமது 31-ஆம் வயதில் காலமானார். அவ்வாண்டு அக்டோபர் 10-ஆம் தேதி ஒளிபரப்பான 'தி குவார்ட்டர்பேக்' என்ற அத்தியாயம், ஃபின்னும் இறந்துவிட்டதாக வைத்து, அவனை இழந்தோரின் துயரத்தைச் சித்திரித்தது. துக்கம் எப்போதும் கண்ணீராகவே வெளிப்படுவதில்லை என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் அதிலிருந்து உணர்ந்துகொள்ளலாம்.

துக்கத்தின் பல ரூபங்கள்

சந்தானா என்ற பெண் பாடிக்கொண்டிருக்கையில் குரல் உடைந்து, தேற்ற வந்தோரை உதறிவிட்டு அலறியபடி ஓடுகிறாள். பிறகு தலைமையாசிரியை மீது சீறி விழுகிறாள். ஃபின்னின் நினைவாக நடப்பட்ட மரக்கன்றையே அவனுடைய நண்பன் பக் திருடிச் செல்கிறான். மாணவர்களைத் தேற்றுவதிலேயே முனைந்து தாம் அழாதிருந்த ஆசிரியர் வில் ஷூஸ்டர், ரகசியமாக எடுத்துவந்த ஃபின்னின் மேற்சட்டையில் முகம் புதைத்துக் கடைசியில் கதறுகிறார். முரட்டுத்தனமும் திருட்டும் மௌனமும் இங்கே ஒரே வேதனையின் ரூபங்களாதலால், அவற்றைக் குற்றமென்று மட்டுமே கண்டு தண்டிப்பவர் துயருற்ற பிள்ளையை இழந்துவிடுகிறார்.

உடலில் தோன்றும் அறிகுறிகள்

உறக்கமின்மை, பசியின்மை, தலைவலி, வயிற்றுவலி, பாடத்தில் மனம் பதியாமை ஆகியவை துக்கத்தினாலும் உண்டாகக்கூடும். சற்று முன் அழுத சிறுவன் இப்போது சிரித்து விளையாடினால், அவனுக்கு அன்பில்லை என்று எண்ணலாகாது. துக்கம் ஒரே வரிசையில் நகர்வதுமில்லை. 1969-இல் மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் எழுதிய மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்னும் ஐந்து நிலைகள் மரணத்தை எதிர்நோக்கிய நோயாளிகளைக் கண்டு வகுக்கப்பட்டவையேயன்றி, துக்கப்படுவோர் யாவரும் வரிசையாகக் கடந்தே தீர வேண்டிய படிகள் அல்ல.

பெரியோர் கடமை

ஃபின்னின் மரண காரணத்தை அந்த அத்தியாயம் கூறாமலே விட்டது. கதைக்கு அது பொருந்தலாம். ஆனால் பள்ளியில் பெரியோர் முற்றிலும் மௌனம் சாதித்தால் அந்த இடத்தை வதந்தி நிரப்பிவிடுமாதலால், குடும்பத்தாரின் சம்மதத்தோடு, வயதுக்கேற்ற எளிய சொற்களில் உண்மையைச் சொல்லுதல் நலம். தற்கொலையாயின், அது நிகழ்ந்த விதத்தை விவரிப்பதும் அதைப் புகழ்வதும் பிற இளைஞரை அவ்வழியில் தூண்டக்கூடுமென்பதால் அவ்விரண்டையும் விலக்க வேண்டும். ஆண்பிள்ளை அழலாகாது என்று அதட்டாமல், இறந்தவனின் பெயரைத் தயங்காது சொல்லி, உணவு, உறக்கம், வகுப்பு ஆகியவற்றின் அன்றாட ஒழுங்கையும் காத்துவர வேண்டும். மாணவரைத் தேற்றும் ஆசிரியருக்கும் ஆறுதல் வேண்டும்.

வைத்தியரை நாடும் வேளை

துக்கம் இயல்பானது, அது நோயன்று. எனினும் ஆறு மாதங்களுக்கு மேலாகியும் தணியாத ஏக்கம் அன்றாட வாழ்வையே குலைக்குமானால், அதை நீடித்த துக்கக் கோளாறாகக் கருதலாமென்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு கூறுகிறது. சாக வேண்டுமென்ற பேச்சோ, தன்னைத்தானே காயப்படுத்துதலோ, போதைப் பழக்கமோ தென்பட்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. சாகும் எண்ணம் உண்டா என்று அன்போடு நேரே கேட்பது அவ்வெண்ணத்தை விதைத்துவிடாது. பிள்ளை மனம் திறப்பதற்கே அது வழிசெய்யும். இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் இலவசத் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் ஆலோசனை கிடைக்கும். கோபத்தின் பின்னே நிற்கும் துயரத்தை ஒரு பெரியவரேனும் உரிய காலத்தில் கண்டுகொள்வாராயின், பிள்ளை அதைத் தனியே சுமக்க நேராது.